கரப்பான் பாலும் புவனகிரி ஈசலும்

புவனகிரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய பேரனுக்கு ஐந்து வயது. பசும்பால் குடித்தால் வயிறு உப்பி, பேதியாகிறது. பையனின் அப்பா போனில் ஒரு செய்தியைக் காட்டி, "அம்மா, பூச்சியிலிருந்து பால் எடுக்கிறார்களாம். அதில் லாக்டோஸ் கிடையாதாம். எருமைப்பாலைவிட மூன்று மடங்கு சத்தாம். வரட்டும், நம்ம பயலுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம்" என்றாராம். "இது நிஜமா, இல்லை வழக்கமான வாட்ஸ்அப் கதையா? கரப்பான்பூச்சி என்றும் போட்டிருக்கிறது. படிக்கும்போதே குமட்டுகிறது" என்று முடித்திருக்கிறார்.

கதை இல்லை அம்மா. பாதி நிஜம். அந்தப் பாதி நடந்ததும் எங்கோ அமெரிக்காவில் மட்டுமல்ல, நம் பக்கத்தில் இருக்கிற பெங்களூரில்தான்.

2016 ஜூலையில், பெங்களூரில் உள்ள இன்ஸ்டெம் என்ற ஸ்டெம் செல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சுப்ரமணியன் ராமசாமியும் அவரது குழுவினரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சஞ்சரி பானர்ஜி அதன் முக்கிய ஆசிரியர்களில் ஒருவர். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகளாக இந்தப் பூச்சியையே ஆராய்ந்துவந்த பார்பரா ஸ்டே என்ற பூச்சியியலாளரும் அதில் பங்கு பெற்றவர். ஒரு வகைக் கரப்பானின் கருவுக்குள் இருக்கும் புரதப் படிகத்தின் அமைப்பை அணு அணுவாகப் பார்த்துச் சொன்ன கட்டுரை அது. 'நாளை முதல் கரப்பான் பால் காபி' என்று அதில் யாரும் எழுதவில்லை. அதை எழுதியது உலகப் பத்திரிகைகள். அந்த வருடம் ஒரு சுற்று ஓடி, 2018-ல் இன்னொரு சுற்று ஓடி, இப்போதும் யாராவது ஒருவர் அதைத் தூசி தட்டி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

கரப்பானுக்கு ஏது மடி?

முதலில் நம் அடுப்பங்கரைக் கரப்பானை இதிலிருந்து விடுவித்துவிடுவோம். ராத்திரி விளக்கைப் போட்டதும் சிலிண்டருக்குப் பின்னால் ஓடுகிறதே, அதற்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. அது முட்டைக்கூடு போடும் இனம். அலமாரி இடுக்கில் அவரை விதை மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் அந்தக் கூடு. போட்டுவிட்டால் அதோடு அம்மாவின் வேலை முடிந்தது.

இது வேறு. பெயர் டிப்ளோப்டெரா பங்டேட்டா. ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளில் வாழ்வது. வண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். கரப்பான் இனங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றில் இதற்கு ஒரு தனிக் குணம்: குட்டி போடும். வயிற்றுக்குள் ஒரு பை இருக்கிறது. ஒரு ஈட்டுக்கு 9 முதல் 12 கருக்கள் அந்தப் பைக்குள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். கருவுக்கு வாய் உருவானதும் அந்தப் பையின் சுவர் ஒரு திரவத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். குட்டிகள் அதைக் குடிக்கும். சுமார் இரண்டு மாதம் இப்படிக் குடித்து, நன்றாகப் பெருத்து, பிறகு வெளியே வரும்.

இதைப் பால் என்று சொல்லலாமா? மடி இல்லை, காம்பு இல்லை. ஆனால் தாய் தன் உடம்பிலிருந்து சுரந்து குட்டிக்கு ஊட்டுகிறது. அதில் புரதம் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. விஞ்ஞானிகள் பால் என்றுதான் சொல்கிறார்கள். இப்படி ஊட்டும் உயிர்கள் இன்னும் உண்டு. புறாக்கள், ஆணும் பெண்ணும் சேர்ந்து, தொண்டைப் பையில் பால்போன்ற ஒன்றைச் சுரந்து குஞ்சுக்குக் கொடுக்கும். ஆப்பிரிக்காவில் தூக்க நோய் பரப்பும் செட்சி ஈ, ஒரு நேரத்தில் ஒரே ஒரு புழுவை வயிற்றில் வைத்துப் பால் கொடுத்து வளர்க்கும். நூற்றுக்கணக்கில் முட்டை போட்டுவிட்டுப் பறந்துவிடும் ஈக்களுக்கு நடுவில் அப்படி ஒரு அம்மா.

சரி, கரப்பான் குட்டிக்கு வருவோம். குடித்த பால் அதன் குடலுக்குள் போனதும் கல்கண்டு மாதிரி படிகமாக உறைந்துவிடுகிறது. மிகச் சிறிய படிகங்கள். கண்ணுக்குத் தூள்போலத்தான் தெரியும். குட்டிக்குத் தேவைப்படும்போது அதன் மேல்பகுதி கொஞ்சம் கரைந்து சத்து கிடைக்கும். அது தீரத் தீர அடுத்தது கரையும். நம்ம வீட்டில் மளிகையை மொத்தமாக வாங்கி டப்பாவில் போட்டு மாதம் முழுக்க எடுத்துச் செலவழிப்பதுபோல. பெங்களூர் குழு பிரமித்தது இதைப் பார்த்துத்தான். புரதம், கொழுப்பு, சர்க்கரை மூன்றையும் ஒரே படிகத்துக்குள் இயற்கை எப்படிக் கட்டி வைத்திருக்கிறது என்பதுதான் அவர்கள் கேள்வி. உடம்புக்கு வெளியிலிருந்து கிடைத்தே ஆகவேண்டிய அமினோ அமிலங்கள் எல்லாம் அந்தப் புரதத்தில் இருப்பதையும் கண்டார்கள்.

அந்த மூன்று மடங்கு

போகிற போக்கில் அவர்கள் ஒரு கணக்கும் சொன்னார்கள். ஒரே எடைக்கு ஒப்பிட்டால், இந்தப் படிகத்தில் பாலைவிட மூன்று மடங்குக்கு மேல் எரிசக்தி இருக்கும் என்று. உலகம் பிடித்துக்கொண்டது இந்த வரியைத்தான்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பக்கம் கெட்டியான படிகம். இன்னொரு பக்கம் பால். பசும்பாலில் 100 பங்குக்கு 87 பங்கு தண்ணீர். பால்காரர் சேர்த்த தண்ணீரைச் சொல்லவில்லை, மாடே கொடுத்த தண்ணீர். எருமைப்பாலில் கொஞ்சம் குறைவு. அந்தத் தண்ணீரையும் எடையில் சேர்த்துத்தான் ஒப்பீடு. எருமைப்பால் 100 கிராமுக்கு 100 கலோரிக்குச் சற்று அதிகமாகக் கொடுக்கும். அதன் மூன்று மடங்கு என்றால் முந்நூற்றுச் சொச்சம். ஆனால் கடையில் பாக்கெட்டில் கிடைக்கிற முழுக்கொழுப்புப் பால்பவுடர் 100 கிராமில் சுமார் 500 கலோரி இருக்கிறது! கெட்டிக்குக் கெட்டி ஒப்பிட்டால் நம்ம மாடு தோற்கவில்லை. அரிசியேகூட, வேகவைக்காமல், 100 கிராமுக்கு 350 கலோரி பக்கம் வரும். யாரும் அதற்கு 'சூப்பர் ஃபுட்' என்று பட்டம் கட்டுவதில்லை.

அடுத்தது, கறப்பது எப்படி? ஆய்வகத்தில் இரண்டு வழி. ஒன்று, கருவின் வயிற்றைத் திறந்து படிகத்தை எடுப்பது. இன்னொன்று, தாயின் பையிலிருந்து கருக்களை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் சின்ன வடிதாள் துண்டை வைத்து, சுரப்பை அதில் ஊறவிட்டு எடுப்பது. கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு, முட்டியதும் இழுத்துக் கட்டி, இரண்டு காம்பைக் கன்றுக்கென்று விட்டுக் கறக்கிற நம் ஊர்ப் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. 100 கிராம் பாலுக்கு 1,000 கரப்பான்கள் சாகவேண்டும் என்று அப்போது ஒரு கணக்கு பத்திரிகைகளில் வந்தது. அதன்படி ஒரு லிட்டருக்குப் பத்தாயிரம். நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கிற ஒரு கலப்பின மாட்டுக்கு ஈடாக, ஒரு நாளைக்கு எண்பதாயிரம் கரப்பான். மறுநாளைக்கு வேறு எண்பதாயிரம். அதுவும் ஒவ்வொன்றும் கருவுற்றுப் பால் சுரக்கும் பருவத்தில் இருக்க வேண்டும்.

புண்ணாக்கு விலையைச் சொல்லிப் புலம்புகிற நம் மாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

பெங்களூர் குழுவுக்கும் இது தெரியும். அதனால்தான் அவர்கள் கரப்பான் பண்ணை பற்றிப் பேசவில்லை. அந்தப் புரதத்துக்கான மரபணுவை எடுத்து ஈஸ்டுக்குள் வைத்து, ஈஸ்டையே அதைத் தயாரிக்கச் செய்ய முடியுமா என்று யோசித்தார்கள். இட்லி மாவைப் பொங்க வைக்கிற நுண்ணுயிரிகளின் உலகத்தைச் சேர்ந்ததுதான் ஈஸ்ட். பெரிய தொட்டியில் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தால் வளரும். இது நடக்காத காரியமில்லை. பாலைத் திரித்துச் சீஸ் செய்ய முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் வேண்டும். 1990-ல் அமெரிக்கா, நுண்ணுயிரிகள் வழியாகத் தயாரான அதே நொதிக்கு அனுமதி தந்தது. இன்று உலகத்தில் பெரும்பகுதி சீஸ் அப்படித்தான் தயாராகிறது. பிட்சாவின் மேல் இழுபடுகிற சீஸுக்காகக் கன்றைக் கொல்லும் வேலை பெரும்பாலும் ஒழிந்தது.

அரைத்து வடிகட்டிய பால்

இன்னொரு 'பூச்சிப்பால்' இருக்கிறது. பேர் ஒன்று, சமாச்சாரம் வேறு. செய்திகளில் இரண்டையும் கலந்தடித்துவிடுகிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கூர்மே க்ரப் என்று ஒரு சின்ன நிறுவனம் 'என்டோமில்க்' என்ற பெயரில் ஒரு பாலையும், அதில் செய்த ஐஸ்கிரீமையும் கொண்டுவந்தது. இதில் கரப்பான் இல்லை, சுரப்பும் இல்லை. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்களைச் சுத்தம் செய்து, அரைத்து, கூழாக்கி எடுக்கிற வெண்மையான கலவை. தேங்காயைத் துருவி, ஆட்டி, பிழிந்து பால் எடுக்கிறோமே, அந்த வழி. புரதமும் கொழுப்பும் அதிகம், இரும்பும் துத்தநாகமும் உண்டு, லாக்டோஸ் கிடையாது என்பது அவர்கள் சொன்ன சிறப்பு. வாசகியின் மகன் பார்த்த செய்தியில் லாக்டோஸ் இல்லை என்பது இதிலிருந்து வந்தது, மூன்று மடங்கு என்பது பெங்களூரிலிருந்து வந்தது. யாரோ இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றி ஆற்றியிருக்கிறார்கள்.

அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான லியா பெஸ்ஸா, பிறகு நுண்ணுயிரிகளைக் கொண்டு பால் புரதம் தயாரிக்கும் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார் என்பதையும் சொல்லவேண்டும். பூச்சியை ஐஸ்கிரீமாக்கிப் பார்த்தவரே தொட்டிப் பக்கம் போயிருக்கிறார் என்றால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று புரிகிறது.

இந்தியாவில் இதைப் 'பால்' என்று பாக்கெட்டில் அச்சடிக்கவும் முடியாது. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி பால் என்பது ஆரோக்கியமான கறவை விலங்கின் மடி சுரப்பது மட்டுமே. 2021-ல் சோயா, பாதாம், ஓட்ஸ் பானங்களை விற்கிற இணையக் கடைகளிடம், பால் என்ற சொல்லைப் போட்டு விற்காதீர்கள் என்று அந்த ஆணையம் கறாராகச் சொல்லிவிட்டது.

தமிழ் இத்தனை கறார் பார்ப்பதில்லை. தேங்காய்க்குப் பால், எருக்குக்குப் பால், கள்ளிக்குப் பால், ரப்பர் மரத்துக்குப் பால். நெல் கூட பால் பிடிக்கிறது. புவனகிரி, சிதம்பரம் பக்கம் சம்பா கதிர் வாங்கி மணியில் பால் ஏறுகிற நேரம் பார்த்து, கதிர்நாவாய்ப் பூச்சி வந்து உட்கார்ந்து அந்தப் பாலை உறிஞ்சிவிடும். அப்புறம் மணி இருக்காது, பதர்தான். ஆக, வெள்ளாற்றங்கரை விவசாயிக்குத் தெரிந்ததெல்லாம் பால் குடிக்கிற பூச்சி. பால் கொடுக்கிற பூச்சி இன்னும் வந்து சேரவில்லை.

ஈசல் வறுத்த ஊர்

"படிக்கும்போதே குமட்டுகிறது" என்று அந்த அம்மா எழுதியிருந்தார் அல்லவா? அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். பூச்சி என்றதும் முகம் சுளிப்பது நமக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இல்லை. வட தமிழகத்துக் கிராமங்களில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் ஈசல் என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

மழைக்காலத்தில், நல்ல மழை பெய்து விட்ட அந்தி நேரத்தில், புற்றிலிருந்து ஈசல் புறப்படும். புற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அல்லது பானையைப் பதித்து, விளக்கை வைப்பார்கள். வெளிச்சத்துக்கு வந்து மொய்த்து உள்ளே விழும். கொண்டுவந்து வெயிலில் காயவைத்தால் இறக்கை தானே உதிரும். முறத்தில் போட்டுப் புடைத்தால் இறக்கை பறந்து ஈசல் மட்டும் நிற்கும். அதை மண்சட்டியில் வறுத்து, அரிசிப் பொரியோடும் பொட்டுக்கடலையோடும் கலந்து கொடுப்பார்கள். மொறுமொறுவென்று, நெய் வாசனையோடு. கொழுப்பும் புரதமும் நிறைந்த பண்டம். ஆசைக்கு அள்ளிச் சாப்பிட்டால் வயிற்றைக் கலக்கிவிடும் என்று பாட்டிமார்கள் ஒரு கைப்பிடியோடு நிறுத்திவிடுவார்கள். இருளர் மக்களுக்கு ஈசல் பிடிப்பது கைவந்த கலை. எந்தப் புற்று இன்றைக்கு ஈசல் தள்ளும் என்று வானத்தையும் மண்ணையும் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இன்னும் பின்னால் போனால் ஆச்சரியம் காத்திருக்கிறது. புறநானூற்றின் 119-ஆம் பாட்டில், பாரி இறந்தபின் அவனது பறம்பு நாட்டை நினைத்து ஏங்குகிறார் கபிலர். அந்த நாட்டின் வளம் என்று அவர் நினைவுகூர்வதில், மழை பெய்த காலத்தில் செம்புற்று ஈசலைப் புளித்த மோரோடு சேர்த்துச் சமைக்கும் உணவு ஒன்று. அகநானூற்றின் 394-ஆம் பாட்டு இன்னும் விரிவாகச் சமையல் குறிப்பே தருகிறது: செம்மறியாட்டின் முற்றிய தயிர், வரகரிசி, அதில் ஈசல், சுடச்சுடப் புளிச்சோறு, மேலே உருகி வழியும் பசு வெண்ணெய். பூச்சியும் பாலும் ஒரே கலத்தில்! கேப்டவுன் ஐஸ்கிரீம் கடைக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் நம் முல்லை நிலத்துக்காரர்கள் அதை முடித்துவிட்டார்கள். அதை ஏழைகளின் கடைசிக் கதி என்று அந்தப் புலவர்கள் பாடவில்லை, விருந்தாகப் பாடியிருக்கிறார்கள். இதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

உலக அளவில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிக்கு இடமுண்டு என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2013-ல் சொன்னது. உண்ணப்படும் இனங்கள் 1,900-க்கும் மேல். ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் செவ்வெறும்பை அரைத்துச் செய்கிற காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. நம் மாமரத்தில் இலையை மடித்துக் கூடு கட்டிக்கொண்டு, ஏறினால் கடித்துக் குதறுமே, அந்த எறும்புதான். அசாமில் எரிபட்டுப் புழு விருந்துப் பண்டம். சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக விற்க அனுமதித்தது.

மருதூரில் பிறந்தவர் என்ன சொல்வார்?

ஆனால் புவனகிரி என்றதும் எனக்கு ஈசலுக்கு முன்னால் ஞாபகம் வருவது வேறொன்று. அதை அடுத்த மருதூரில்தான் 1823-ல் வள்ளலார் பிறந்தார். பயிர் வாடினால்கூட மனம் வாடியவர். புலால் கூடாது என்றவர். அவரே, 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, பசித்து வந்தவர் யாராக இருந்தாலும் சோறு போடு என்றவர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

அவர் மண்ணில் நின்று இந்தப் பூச்சி விஷயத்தை யோசித்தால் குழப்பமாகத்தான் இருக்கிறது. பசியைப் போக்குவது பெரிய அறம் என்பது ஒரு கை. உயிர்க்கொலை கூடாது என்பது இன்னொரு கை. ஒரு மாட்டைக் கொன்றால் ஓர் உயிர், நூறு பேருக்குச் சோறு. ஒரு லிட்டர் பூச்சிப்பாலுக்கு எத்தனை ஆயிரம் உயிர்? பூச்சிக்கு வலி தெரியுமா என்று விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வலிக்காது என்று அடித்துச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அதனால் பூச்சிப்பாலை 'கொடுமையற்ற பால்' என்று விளம்பரப்படுத்துவதைப் பார்த்தால் எனக்கு ஏற்கமுடியவில்லை. மாட்டுப்பால் தொழிலிலும் கன்றுக்கு நேர்வதைப் பேசாமல் விட்டுவிடுகிறோம் என்பது வேறு விஷயம். ஆனால் அதற்கு இது மாற்று என்று சொல்லும்போது எண்ணிக்கையையும் சொல்லவேண்டும்.

சைவமா அசைவமா என்ற கேள்விக்கு மட்டும் நேரான பதில் உண்டு. நம் நாட்டுச் சட்டப்படி, விலங்கிலிருந்து வரும் பொருள் அசைவம். பால், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு. அரக்கா என்று கேட்கிறீர்களா? அதுவும் பூச்சி சுரப்பதுதான். சில மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் பளபளப்பு கொடுப்பது அதுதான். தேனீ வயிற்றுக்குள் போய்வந்ததைத்தான் பஞ்சாமிர்தத்தில் விடுகிறோம். கல்யாணப் பட்டுப்புடவைக்கு வேகவைத்த கூடுகளுக்குள் புழு இருந்தது. பூச்சியோடு நமக்குள்ள உறவு, நாம் ஒப்புக்கொள்வதைவிடக் கொஞ்சம் நெருக்கமானது.

பேரனுக்கு என்ன கொடுப்பது?

அம்மா, உங்கள் பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பூச்சிப்பால் எதையும் அவனுக்காகத் தேடாதீர்கள். இங்கே கடையில் வாங்கக்கூடியதாக இல்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது. இறால், நண்டு சாப்பிட்டால் உதடு வீங்குகிறவர்கள், தடிப்பு வருகிறவர்கள் பூச்சி உணவையும் தொடக்கூடாது. இறாலில் ஒவ்வாமை தருகிற ட்ரோபோமயோசின் என்ற புரதம் பூச்சிகளிலும் ஏறக்குறைய அதே உருவத்தில் இருக்கிறது. இறாலும் கரப்பானும் தூரத்துப் பங்காளிகள், இரண்டும் கணுக்காலிகள். கரப்பான் பால் புரதம் லிப்போகாலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நம் வீட்டுக் கரப்பான்களால் ஆஸ்துமா வருகிறவர்களுக்குப் பகையான புரதங்களில் ஒன்றும் அதே குடும்பம். வேடிக்கை என்னவென்றால், பசும்பாலில் பல குழந்தைகளுக்கு ஒவ்வாத பீட்டா லாக்டோகுளோபுலினும் அந்தக் குடும்பம்தான். மனிதர்கள் யாரும் கரப்பான் பாலைக் குடித்துப் பார்த்து முறையாகச் சோதிக்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு முதல் ஆள் ஆகவேண்டியதில்லை.

வயிறு உப்பிப் பேதியாவது பெரும்பாலும் லாக்டோஸ் செரிக்காததால் இருக்கலாம். பால் புரத ஒவ்வாமையாகவும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. முதலாவது தொந்தரவு, இரண்டாவது சில பிள்ளைகளுக்கு ஆபத்து. குழந்தை மருத்துவரிடம் காட்டி எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்த முடிவு. லாக்டோஸ்தான் சிக்கல் என்றால் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். உறையும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை அந்த நுண்ணுயிரிகளே தின்றுவிடும். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, பொடிமீன் சாப்பிடுகிற வீடாக இருந்தால் முள்ளோடு நெத்திலி. சிதம்பரம் சந்தைக்குப் பரங்கிப்பேட்டை மீன் வருகிற ஊரில் இருந்துகொண்டு ஹவாய் கரப்பானைத் தேட வேண்டாம்.

பூச்சி எந்த வாசல் வழியாக வரும்?

அப்படியானால் இந்தப் பேச்செல்லாம் வெறும் வேடிக்கைதானா என்றால், இல்லை. உலகம் இதைத் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. மனிதர்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் என்று அதே ஐ.நா. அமைப்பு 2013-ல் கணக்கிட்டது. இந்தியா உலகிலேயே அதிகமாகப் பால் கறக்கும் நாடு. 2023-24-ல் கிட்டத்தட்ட 24 கோடி டன். அத்தனை மாட்டுக்கும் தீவனம், தண்ணீர், மேய்ச்சல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று உங்கள் ஊர்க்காரர்களையே கேளுங்கள். வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் இருந்த இடத்தில் மனைக்கல் நட்டிருக்கிறது.

ஆனாலும் பூச்சி நம் வீட்டுக்குள் டம்ளர் வழியாக வராது என்பது என் கணிப்பு. தீவன மூட்டை வழியாக வரும். கோழிக்கும் மீனுக்கும் இறாலுக்கும் புரதம் வேண்டும். இப்போது கருவாட்டுத் தூளும் சோயாவும் போகின்றன. அந்தக் கருவாட்டுக்காகக் கடலில் பொடிமீனை வாரி எடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக பிளாக் சோல்ஜர் ஈயின் புழுவைக் கொடுக்கலாம். அது காய்கறிக் கழிவிலும் மிச்சச் சோற்றிலும் வளரும், இரண்டு வாரத்தில் பெருத்துவிடும். வளர்ந்த ஈ கடிக்காது, சாப்பாட்டில் வந்து மொய்க்கவும் செய்யாது. சில நாள் பறந்து, முட்டையிட்டு, இறந்துவிடும். கழித்தது போக மிஞ்சுவது செடிக்கு உரம். தருமபுரி பக்கம் பட்டுக்கூட்டில் நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுவுக்கும் இதே பயன் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கு இரண்டு லிட்டர் பால் ஊற்றிக்கொண்டு, கொல்லையில் பத்து நாட்டுக்கோழி வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்கு இதில் ஆதாயம் இருக்கிறது. புண்ணாக்குச் செலவு குறையாது, ஆனால் கோழித் தீவனச் செலவு குறையும்.

ஒரு பழைய பிளாஸ்டிக் டப், கீழே நீர் வடிய ஓட்டை, மேலே வலை, ஓரத்தில் முட்டையிட அட்டைத் துண்டுகள். புழு முற்றியதும் தானே சரிவில் ஏறி வெளியே வந்து விழும்படி ஒரு பலகை. தொடங்குவதற்கு இவ்வளவுதான் வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். தவிடோ மரத்தூளோ தூவினால் சரியாகும். இறைச்சிக் கழிவைப் போடாதீர்கள், அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவார்கள். கோழிகளைப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கொல்லைப்பக்கம் வருவதைப் பார்த்தாலே இரண்டாம் நாளிலிருந்து ஓடி வரும்.